உள்ளத்திற்கு ஒரு வரப்பு

(ராஞ்சியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் கூத்தும் நிறைந்த இவ்விழாவில் உள்ளத்தின் நலம் பற்றிச் சில சொல்லுமாறு பணித்தார்கள். விழாவுக்கு ஏற்ற பொருள்தானா இது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், நாம் வாழும் ஊர் எது என்பதை நினைத்துப் பாருங்கள். 1918 முதல் மனநோய்க்கு மருத்துவம் செய்துவரும் மத்திய மனநல நிறுவனம் இங்கே காங்கேயில்தான் இருக்கிறது. அந்தப் பெருமையை உலகம் எப்படிப் போற்றுகிறது? வட நாட்டில் ஒருவரை எள்ளி நகையாட வேண்டுமானால் 'ராஞ்சிக்கு அனுப்புங்கள்' என்கிறார்கள். சென்னையில் அதே ஏளனத்துக்குக் 'கீழ்ப்பாக்கம்' என்கிறோம். அங்குள்ள மருத்துவமனையோ 1794-இல் தோன்றியது. நோய் தீர்க்கும் இடங்களின் பெயரையே வசைச் சொல்லாக்கிவிட்டோம். இந்த நிலையில், 'என் மனம் சோர்ந்திருக்கிறது' என்று வாய் திறந்து சொல்ல எவருக்குத் துணிவு வரும்?

உள்ள நலம் என்பது நோய் இல்லாமை மட்டும் அன்று. அன்றாட இன்னல்களைத் தாங்கி, தன் ஆற்றலை உணர்ந்து, பயனுள்ள வேலை செய்து, சுற்றத்தார்க்கும் உதவி வாழும் நிலையே உள்ள நலம் என்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. அந்த நலத்தை நம் போன்ற குடும்பங்கள் எங்கே இழக்கின்றன என்பதே இன்று நாம் காண வேண்டுவது.

பிறந்த ஊருக்கு ஆயிரம் கல்லுக்கு அப்பால் பிழைக்க வந்த ஒரு குடும்பத் தலைவரை எண்ணிக்கொள்ளுங்கள். மாதம் பிறந்ததும் ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. தம்பி மகனின் கல்லூரிக் கட்டணம், பங்காளி வீட்டுத் திருமணம், குலதெய்வக் கோயில் குடமுழுக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவுகள். எல்லாவற்றிற்கும் 'ஆகட்டும்' என்கிறார். வேலை தேடி வந்த உறவுப் பையன் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் ஏழு மாதமாகத் தங்கியிருக்கிறான். அதற்கும் 'ஆகட்டும்'. இரவு பத்து மணிக்கு மேலதிகாரி செல்பேசியில் அழைக்கிறார். அதற்கும் 'ஆகட்டும்'. ஊரார் அவரைத் தங்கமான மனிதர் என்கிறார்கள். வீட்டிலோ அவருக்கு உறக்கம் இல்லை. கணக்குப் பாடத்தில் ஐயம் கேட்க வந்த மகள் மேல் சீறி விழுகிறார். அடுக்களையில் வாய் பேசாமல் உழைக்கும் மனைவிக்குத் தலைவலி தீர்ந்தபாடில்லை. எல்லார்க்கும் ஈந்தவர் தம் வீட்டார்க்கு எதை மிச்சம் வைத்தார்?

உதவி செய்வது தவறா என்று கேட்பீர்கள். தவறு அன்று. அது நம் பண்பாட்டின் உயிர்நாடி. ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்துப் பிறர்க்கு உதவுவதைப் போற்றினார் திருவள்ளுவர். அவரே வலியறிதல் என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில், தன்னிடம் உள்ள அளவை ஆராயாமல் செய்யும் ஒப்புரவு செல்வத்தை விரைவில் கெடுக்கும் என்று எச்சரிக்கிறார். செல்வத்துக்கு அவர் சொன்னது உள்ளத்தின் வலிமைக்கும் முற்றிலும் பொருந்தும்.

உழவர் குடியில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். வயலுக்கு வரப்பு எதற்கு? அயலானைத் தடுப்பதற்கு அன்று. பாய்ச்சிய நீர் ஓடிப் போகாமல் பயிருக்குப் பயன்படுவதற்கு. அந்த வரப்பிலேயே மடையும் உண்டு. வேண்டும்போது திறந்தால் அடுத்த வயலுக்கும் நீர் போகும். வரப்பு இல்லாத வயல் வறளும். மடை இல்லாத வயல் அழுகும். உள்ளத்துக்கு நாம் வகுக்கும் எல்லையும் இத்தகையதே. அது மதில் அன்று, வரப்பு.

அந்த வரப்பை எங்கே போடுவது? இங்கேதான் நம் வாழ்க்கையின் மதிப்புகள் வழிகாட்ட வேண்டும். ஒரு நாள் மாலை கணவனும் மனைவியும் அமைதியாக அமர்ந்து, தாம் உயர்வாக மதிக்கும் ஐந்தைத் தாளில் எழுதுங்கள். பெற்றோரைப் பேணுதல், பிள்ளைகளின் கல்வி, உடல் நலம், நேர்மை, தமிழ்ப் பணி என்று எதுவாயினும் எழுதுங்கள். பக்கத்திலேயே, சென்ற மாதம் நேரமும் பணமும் எவ்வெவற்றில் சென்றன என்று எழுதுங்கள். பிள்ளைகளின் கல்வியை முதலில் எழுதியவர் மாதம் முழுவதும் பிள்ளையோடு ஒரு மணி நேரமும் அமராதிருக்கலாம். இரண்டு பட்டியலுக்கும் இடையிலுள்ள அந்தப் பிளவிலேதான் மனக்கசப்பு முளைக்கிறது. தாயின் மருந்துக்குப் பணம் அனுப்பும் மகன் அதைச் சுமையாக எண்ணுவதில்லை. 'நாலு பேர் என்ன சொல்வார்களோ' என்று அஞ்சி அனுப்பும் அதே தொகை அவனை அரிக்கிறது. தொகை ஒன்றே; நோக்கம் வேறு.

'இயலாது' என்று சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. காலம் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும்; பொய்க் காரணம் காட்டாமல் சொல்ல வேண்டும்; இயன்றது எது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். 'அண்ணா, தம்பி தேர்வுக்கு வரும்போது நான்கு நாள் நம் வீட்டில் தங்கட்டும். வேலை தேடும் காலம் முழுவதும் தங்க இடம் போதாது. நல்ல அறை ஒன்று பார்த்து, முதல் மாத வாடகையை நானே தருகிறேன்' என்று சொன்னால், வரப்பும் நிற்கிறது, மடையும் திறக்கிறது. கேட்டவர் சில நாள் முகம் சுளிக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒருவர் வருந்தினார் என்பதாலேயே நாம் பிழை செய்தவர் ஆகிவிட மாட்டோம்.

நம் எல்லையை மதிக்கச் சொல்லும் நாம் பிறர் எல்லையையும் மதிக்க வேண்டும். ஆண் 'இயலாது' என்றால் உறுதி என்கிறோம். அதையே பெண் சொன்னால் திமிர் என்கிறோம். இந்த அநீதி ஒழிய வேண்டும். பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்துத் திரும்பும் மருமகள் 'இன்று இயலாது அத்தை' என்றால், அதைக் குற்றமாகக் கொள்ளாத வீடே நலமுள்ள வீடு. நம் சங்கமும் இதற்கு விலக்கன்று. ஆண்டுதோறும் அதே நான்கு தோள்கள் மேல் எல்லாப் பணியையும் ஏற்றிவிட்டு, கைதட்டுவதோடு நாம் நின்றுவிடலாகாது.

இறுதியாக ஒன்று. வரப்பு பயிரைக் காக்கும். பயிரில் விழுந்த நோய்க்கு மருந்துதான் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு நீங்காமல், உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றிப் போனால் மருத்துவரை நாடுங்கள். உயிர் வெறுக்கும் எண்ணம் தோன்றினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டா. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி உதவிக்கு எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மகனோடு வாழ இங்கே வந்து, இந்தி அறியாமல், பேச்சுத் துணையின்றித் தனித்திருக்கும் நம் தாய்மார்களுக்கு இது எத்துணைப் பேருதவி! மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் உறுதி கூறுகிறது. உடல் நோய்க்குப் போலவே மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. சட்டம் நாணத்தைப் போக்காது. அதைப் போக்குவது நம் கடமை. காங்கேயின் பெயரைச் சொல்லி நகைக்கும் வழக்கத்தை இன்றோடு நம் வீடுகளில் விட்டொழிப்போம்.

தம்மைக் காத்துக்கொண்டு பிறரையும் தாங்கும் குடும்பங்கள் பெருகுக! அவற்றால் நம் சங்கம் நீடு வாழ்க!