நாடாவில் இல்லாதது



1957-இல் ஐசக் அசிமோவ் 'புரொஃபெஷன்' என்றொரு குறுநாவல் எழுதினார். அதில் வரும் எதிர்காலப் பூமியில், இன்று பட்டம் பெறும் மாணவர்களே, உங்களைப்போல் யாரும் கண்விழித்துப் படிப்பதில்லை. 8 வயதில் ஒரே நாளில் எழுத்தறிவு; 18 வயதில் ஒரே நாளில் தொழிலறிவு. அறிவைப் பதிந்துவைத்த நாடாவில் உள்ளதை மூளையில் ஏற்றிவிட்டால் உலோகவியலாளர் தயார். வேற்றுக் கோள்காரர்கள் போட்டி வைத்து ஆளெடுத்துப் போவார்கள்.

அந்தப் போட்டியில் ட்ரெவெல்யன் என்ற இளைஞன் தோற்கும் இடம் என்னை விடுவதே இல்லை. அவனுக்கு அறிவில் குறைவில்லை. போட்டியில் வைத்த கருவி புது மாடல். அவனுக்கு ஏற்றிய நாடாவில் அது கிடையாது. அவ்வளவுதான். புத்தகத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளலாமே என்று அவன் நண்பன் ஜார்ஜ் சொல்வது அந்த உலகத்தாருக்குப் பிதற்றலாகப் படுகிறது.

ஜார்ஜின் மூளை நாடாவுக்கு ஒத்துவராது என்று சொல்லி, மந்தபுத்தியினர் இல்லம் ஒன்றில் புத்தகங்களோடு விட்டிருந்தார்கள். அது உண்மையில் உயராய்வு நிறுவனம் என்று கடைசியில் தெரிகிறது. புதிய நாடாக்களுக்கு வேண்டிய புதிய அறிவை யாராவது தாமாக யோசித்துத்தானே ஆகவேண்டும்!

இங்கேதான் அசிமோவோடு எனக்கு உடன்பாடில்லை. புதிதாக யோசிக்கும் திறனை ஒரு சிலருக்கு மட்டும் வாய்த்ததாக்கி, மற்ற எல்லோரையும் நாடாவிடம் ஒப்படைத்துவிடுகிறார். தெரியாமல் திண்டாடும் வாய்ப்பையே தராமல், ட்ரெவெல்யனுக்குச் சிந்தனை வராது என்று எப்படி முடிவுகட்டுவது? அந்தக் கருவியோடு அவனை ஒரு மாதம் மல்லுக்கட்ட விட்டிருந்தால், அதைச் செய்தவருக்கே தோன்றாத கேள்வி அவனுக்குத் தோன்றியிருக்கலாம். தடுமாறும்போதுதான் கேட்க நினைக்காத கேள்விகளும் முளைக்கின்றன. உடனே வந்து விழும் விடை அவற்றுக்கு இடம் விடுவதில்லை.

உங்கள் கைப்பேசியிலும் கேட்ட மாத்திரத்தில் பதில் தரும் செயலிகள் வந்துவிட்டன. பயன்படுத்துங்கள், ஆனால் ஒரு கணக்கோடு நீங்களே முட்டி மோதிப் பார்த்த பிறகு அவற்றிடம் போங்கள்.

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பருவத்திலும், உங்களுக்கே விடை தெரியாத சோதனை ஒன்றை ஆய்வகத்தில் மாணவர்களுக்குக் கொடுங்கள். அதற்கு மதிப்பெண் போடுவது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுங்கள்.

பட்டதாரிகளே, நீங்கள் வேலைக்குச் சேரும் இடத்தில் புது இயந்திரம் வந்து இறங்கினால், பயிற்சியாளர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்; கையேட்டை முதலில் பிரிப்பவர் நீங்களாக இருங்கள்.