உயர்திணையில் ஓர் இடம்



காவிரிக்கரை ஊராம் ஜேடர்பாளையத்தில் கூடிய இவ்விலக்கிய அவையில் சட்டம் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். நான் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கணத்தில்தான் தொடங்குகிறது.

குரோமோசோம், சுரப்பி, பிறப்புறுப்பு ஆகியவற்றின் அமைப்பால் ஆணென்றோ பெண்ணென்றோ எளிதில் வகுக்க இயலாத உடலோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. இவர்களை இடைபாலினத்தார் என்கிறோம். திருநங்கையர், திருநம்பியர் எழுப்பும் வினா தாம் உணரும் பாலினம் பற்றியது; இவர்களுடையதோ பிறந்த உடலைப் பற்றியது.

ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை, பிற பால்களின் ஈற்றையே அவை ஏற்கும் என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். அது இன்றைய மருத்துவ வகைப்பாடு அன்று. ஆயினும் தனக்கென ஈறு இல்லாதவரும் அங்கே உயர்திணையை இழக்கவில்லை. இதுவே நாம் எண்ணத்தக்கது.

நடைமுறையில் நாம் செய்து வந்தது என்ன? குழந்தை பேசக் கற்குமுன்பே அதன் பாலைக் கத்தியால் முடிவு செய்தோம். உயிருக்கு ஆபத்தில்லாத நிலையிலும் நடக்கும் இத்தகைய அறுவை, உணர்ச்சியையும் மகப்பேற்றுத் திறனையும் பறித்துவிடக்கூடும். இழந்ததை மீட்க வழியில்லை.

2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் இதற்குத் தடை விதிக்குமாறு ஆணையிட்டார். பெற்றோரின் இசைவு குழந்தையின் இசைவாகாது என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, உயிராபத்து நேரும் நிலை நீங்கலாக, இவ்வறுவையைத் தடை செய்தது. மால்டா நாடு 2015இல் சட்டமியற்றிச் செய்ததை இந்தியாவில் முதலில் செய்தது தமிழகமே.

வளர்ந்தவர்க்கும் இடர் உண்டு. நம் அண்டை மாவட்டமான கரூரில் பெண் காவலராகத் தேர்வு பெற்ற ஒருவர், மருத்துவச் சோதனையைக் காட்டிப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2014இல் உயர் நீதிமன்றம் அந்நீக்கத்தை ரத்து செய்தது. பெண்ணாக வாழ்ந்து வந்தவரைச் சோதனைக்கு வற்புறுத்துவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் மாண்புக்கு இழுக்கு என்றது.

ஆயினும் குறை தீரவில்லை. 2019ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டம் இடைபாலினத்தாரைத் திருநர் என்னும் வரையறைக்குள் அடக்கியதே தவிர, குழந்தைகள் மீதான அறுவையைத் தடுக்கவில்லை. தமிழகத்து அரசாணை தமிழக எல்லையோடு நின்றுவிடுகிறது.

கவிஞர்களே, ஆணை மருத்துவமனை வாயில்வரை காவல் நிற்கும். வீட்டுக்குள் வழங்கும் சொல்லை அது மாற்றாது. இவர்களைச் சுட்டும் பழஞ்சொற்கள் பலவும் இன்று வசவாகிவிட்டன. குழந்தை ஆணா பெண்ணா என்று ஊர் கேட்கும்போது, தாயொருத்தி கூசாமல் மறுமொழி சொல்ல ஒரு சொல் வேண்டும். அதைத் தருவது உங்கள் கடமை.