கணக்கில் ஏறாத செலவு



ஐரோப்பாவிலுள்ள பெரிய கம்பெனிகள் பணத்தை எந்த வழியில் போடுகின்றன, எதை லாபமென்று எழுதுகின்றன, பூமியையும் காற்றையும் தண்ணீரையும் காப்பாற்றுவோம் என்று அவை கொடுக்கும் வாக்கு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பவைகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம். சீமைக் கம்பெனியின் கணக்கு நமக்கு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். அந்தக் கம்பெனிகளின் கார்கள் நம் தெருவில் ஓடுகின்றன. நம்மவர்கள் தைக்கும் பனியன் அந்த நாட்டுக் கடைகளில் தொங்குகின்றது. அன்றியும், ஒருவன் தன்னைத் தானே நல்லவன் என்று சொல்லிக் கொண்டால், அவன் எந்த நாட்டானாயிருந்தாலும், எவ்வளவு வழவழப்பான காகிதத்தில் அச்சடித்துச் சொன்னாலும், பரீட்சை செய்து பார்க்காமல் அதை ஒப்புக் கொள்வது பகுத்தறிவுக்கு அழகல்ல. மற்ற விஷயங்களில் நாம் கையாளும் அந்த வழக்கத்தைக் கம்பெனிகளின் விஷயத்திலும் கையாள வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

இப்பொழுது ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகள் வருஷந்தோறும் "சஸ்டெயினபிலிட்டி" என்ற தலைப்பிட்டு ஒரு பெரிய அறிக்கையை வெளியிடுகின்றன. நீடித்து நிற்கும் தன்மை என்பது அதன் பொருள். இது ஏதோ தர்ம சிந்தையால் பிறந்த வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். 1713ம் வருஷத்தில், ஜெர்மனியிலுள்ள சாக்ஸனி நாட்டின் சுரங்க இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்பவர் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். வெள்ளித் தாதுவை உருக்கவும் சுரங்கத்திற்கு முட்டுக் கொடுக்கவும் ஏராளமாய் மரம் வேண்டியிருந்தது. கண்டபடி வெட்டிக் கொண்டே போனால் காடு தீரும், காடு தீர்ந்தால் சுரங்கமும் மூடப்பட்டுப் போகும் என்று கண்டு, வளருகிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று அவர் எழுதினார். நம் குடியானவனுக்கு இது புது உபதேசமல்ல. விதை நெல்லைக் குத்தித் தின்றவன் அடுத்த போகத்துக்கு என்ன செய்வான் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே இது அடியிலிருந்து முடி வரையில் ஒரு கணக்கு விஷயம். கணக்கு என்றால் அதை எழுதுகிறவன் யார், அளக்கிறவன் யார், சரிபார்க்கிறவன் யார் என்று கேட்க வேண்டியதும் முறைதானே?

முதலில் கம்பெனி என்பது என்னவென்று பார்ப்போம். பலர் பணம் போட்டுப் பங்கு வாங்குகின்றார்கள். லாபம் வந்தால் டிவிடெண்டு கிடைக்கும். கம்பெனி முழுகினால் பங்குக்காரனுக்குப் போட்ட பணத்தோடு போச்சு. அவன் வீடு வாசலைத் தொட முடியாது. பங்குக்குத் தக்கபடி ஓட்டு உண்டு. ஓட்டுக்காரர்கள் டைரக்டர்களை நியமிப்பார்கள், டைரக்டர்கள் மேனேஜரை நியமிப்பார்கள். வருகிற பத்து வருஷத்துக்கு எந்த ஆலை கட்டுவது, எதை மூடுவது, எவ்வளவு கடன் வாங்குவது என்று இவர்கள் போடும் ஏற்பாட்டுக்குத்தான் கம்பெனித் திட்டம் என்று பெயர். கூலியும் பஞ்சு விலையும் வட்டியும் அந்தக் கணக்கில் செலவாக ஏறுகின்றன. ஆனால் புகைபோக்கியிலிருந்து போகும் புகைக்கும், வாய்க்காலில் விடும் கழிவுக்கும் முழுச் செலவுக்கும் பில் வருவது அபூர்வம். அதனால் வரும் இருமலுக்கு மருந்து வாங்குகிறவன் வேறொருவன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்லுவார்களே, அது இந்தக் கணக்குக்கு நன்றாகப் பொருந்தும்.

இனி உதாரணங்களுக்கு வருவோம். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் மோட்டார் கம்பெனி, தன் டீசல் கார்கள் மிகவும் சுத்தமானவை என்று அமெரிக்காவில் விளம்பரம் செய்து விற்று வந்தது. 2015ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், நீடித்த தன்மைக்காகக் கம்பெனிகளை வரிசைப்படுத்தும் பேர்போன டௌ ஜோன்ஸ் பட்டியல், மோட்டார்க் கம்பெனிகளுக்குள் முதல் ஸ்தானத்தை இந்தக் கம்பெனிக்கே கொடுத்தது. அதே மாதம் 18ந் தேதி அமெரிக்க சர்க்கார் அதன் குட்டை வெளிப்படுத்தினார்கள். அந்தக் கார்களில் ஒரு தந்திரம் வைக்கப்பட்டிருந்தது. பரிசோதனைச் சாலையில் நிறுத்தி அளக்கிறார்கள் என்று கண்டால் வண்டி தானாகவே சாதுவாகிவிடும். ரோட்டுக்கு வந்ததும், மூச்சுக்கு விஷமான நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுவை, அமெரிக்கச் சட்டம் அனுமதித்ததற்கு 40 மடங்கு வரையில் கக்கும். உலகம் முழுவதும் இப்படிப்பட்ட வண்டிகள் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் ஓடின. நமது இந்தியாவில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திருத்திக் கொடுப்பதற்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

இந்தப் புரட்டைக் கண்டுபிடித்தது எப்படி என்பதை நீங்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த சில ஆராய்ச்சியாளர்கள், அளவு கருவியைக் காரிலேயே ஏற்றிக் கொண்டு உண்மையான ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். விளம்பரத்தோடும் நிற்கவில்லை, அத்தாட்சியோடும் நிற்கவில்லை. கள்ள மரக்காலை வேறொரு மரக்காலால் அளந்து பார்த்தார்கள். அந்தக் கம்பெனியின் மேற்பார்வைச் சபையில் பாதி ஸ்தானம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உண்டு. லோயர் சாக்ஸனி மாகாண சர்க்காருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அப்படியிருந்தும் உள்ளே இருந்தவர்களால் இது தடுக்கப்படவில்லை. வெளியிலிருந்து அளந்த பிறகுதான் தலைவர் ராஜிநாமாச் செய்தார். பட்டியலில் கிடைத்த பட்டமும் பறிபோயிற்று. அபராதமும் நஷ்டஈடும் மற்றச் செலவுகளுமாய் 3,000 கோடி யூரோவுக்கு மேல் கம்பெனிக்குப் போய்விட்டது. கணக்கில் ஏற்றாமல் மறைத்த செலவு பல மடங்காகித் திரும்பி வந்தது என்பது இதன் சாரம்.

ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமில்லாமல், மெய்யாகவே நல்லது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர் தலைவராய் வந்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கும் ஒரு உதாரணம் இருக்கின்றது. பால், தயிர், தண்ணீர் புட்டி விற்கும் பிரான்சு தேசத்து டானோன் கம்பெனிக்கு எம்மானுவேல் ஃபாபர் என்பவர் தலைவராயிருந்தார். கம்பெனி விடும் கரியமில வாயுவுக்கு டன் ஒன்றுக்கு 35 யூரோ என்று விலை வைத்து, அதைக் கழித்தால் ஒரு பங்குக்கு லாபம் எவ்வளவு மிஞ்சும் என்று 2020ல் கணக்குக் காட்டினார். கணக்கில் ஏறாத செலவைக் கணக்கில் ஏற்றிக் காட்டும் துணிவு அதில் இருந்தது என்று நாம் தாராளமாக ஒப்புக் கொள்கின்றோம். அதே வருஷம் ஜூன் மாதத்தில், லாபத்தோடு சமூக நோக்கமும் உடைய கம்பெனி என்று புதிய பிரெஞ்சுச் சட்டப்படி விதிகளைத் திருத்தியதற்குப் பங்குக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஓட்டுக்கு மேல் ஆதரவு கிடைத்தது. லாபத்தைப் பெருக்குவதுதான் வியாபாரத்தின் சமூகக் கடமை என்று 1970ல் எழுதிய அமெரிக்கப் பொருளாதாரப் பண்டிதர் மில்டன் ஃப்ரீட்மனின் சிலையை நீங்கள் இடித்துத் தள்ளி விட்டீர்கள் என்று ஃபாபர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

சிலை விழவில்லை, தோழர்களே! ஒன்பது மாதங்கூடச் சரியாய் ஆவதற்குள் அவர்தான் விழுந்தார். மற்றக் கம்பெனிகளைப் போல் பங்கின் விலை ஏறவில்லை என்று சில முதலீட்டுக் கூட்டத்தார் கிளர்ச்சி செய்ய, 2021 மார்ச் மாதத்தில் டைரக்டர்கள் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவரைத் தியாகியாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. செலவைக் குறைப்பதற்கு 2,000 பேர் வரையில் வேலையிலிருந்து நீக்குவதாக 2020 நவம்பரில் அறிவித்ததும் அவருடைய நிர்வாகந்தான். நாம் சொல்லுவது என்னவென்றால், நல்ல வார்த்தைக்குக் கை தூக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் இருப்பார்கள். அந்த வார்த்தையால் பங்கு விலைக்கு நஷ்டம் என்ற சந்தேகம் வரும்போது கை எத்தனை தூக்கியிருக்கும் என்பதுதான் பரீட்சை. விதிப்புஸ்தகத்தில் நோக்கத்தை எழுதினார்களே தவிர, ஓட்டு இருந்த இடத்தை மாற்றவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஓட்டு இருக்கும் இடத்தையே மாற்றிய ஒருவரும் ஐரோப்பாவில் இருந்தார். அவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்தில் பௌதிக சாஸ்திரியாயிருந்த எர்ன்ஸ்ட் அபே. அவர் தகப்பனார் நூல் ஆலையில் நாளெல்லாம் நின்று உழைத்தவர். கார்ல் ஸைஸ் என்பவர் ஆரம்பித்த மைக்ராஸ்கோப்புத் தொழிற்சாலையில் அபே பங்காளியாகிப் பெரும் பணக்காரரானார். ஆனபோதிலும் 1889ல் ஒரு அறநிலையம் ஏற்படுத்தி, அதற்குத் தம் பெயரை வைக்காமல் ஸைஸ் பெயரையே வைத்து, 1891ல் தம்முடைய பங்குகளை அதற்கு ஒப்படைத்து விட்டார். கம்பெனியின் சொந்தக்காரர் அந்த நிலையமே. லாபம் தொழிலுக்கும் தொழிலாளர் நலத்துக்கும் ஜேனா சர்வகலாசாலைக்கும் போகும்படி ஏற்பாடு. வேலைக்கு ஆள் வைக்கும்போது பிறப்பையும் மதத்தையும் கட்சியையும் பார்க்கக் கூடாது என்றும், மேலதிகாரியின் சம்பளம் தொழிலாளியின் சராசரி வருமானத்துக்குப் பத்து மடங்குக்கு மேல் போகக் கூடாது என்றும் 1896ம் வருஷத்து விதிகளில் எழுதப்பட்டது. 1900ல் எட்டு மணி நேர வேலை வந்தது. எட்டு மணியானால் தொழில் பாழாகும் என்று மற்ற முதலாளிகள் கூச்சல் போட்ட காலத்தில், அபே ஒன்பது மணிக்கும் எட்டு மணிக்கும் உற்பத்தியைக் கணக்கெடுத்து ஒப்பிட்டு, நாளொன்றின் உற்பத்தி குறையவில்லை என்று காட்டினார்.

அந்த நிலையம் இன்றைக்கும் ஸைஸ் கம்பெனிக்குச் சொந்தக்காரராயிருந்து வருகின்றது. பங்கு விலை இறங்கிற்று என்று அதை மிரட்ட ஆளில்லாததால், இருபது வருஷத்துக்குப் பிறகு பலன் கொடுக்கும் ஆராய்ச்சியில் பணம் போட அதற்கு வசதி உண்டு. ஆனால் இதையும் முழு மருந்தாக நம்பிவிட வேண்டாம். பிறப்பைப் பார்க்காதே என்று விதியில் எழுதி வைத்த அதே தொழிற்சாலையில்தான், நாஜி ஆட்சியில் இரண்டாவது மகாயுத்த காலத்தில், அயல்நாட்டாரைப் பலவந்தமாய்ப் பிடித்து வந்து வேலை வாங்கினார்கள். ஆகவே சொந்தக்காரன் நல்லவனாயிருந்தாலும் அவனுக்கு மேல் நியாயமான சட்டமும், கேள்வி கேட்கும் ஜனங்களும் இருந்தே தீர வேண்டும்.

சட்டத்தின் சங்கதி என்ன? ஐரோப்பிய யூனியன் 2022ல் ஒரு சட்டம் செய்தது. சுமார் 50,000 கம்பெனிகள், பூமியின் மாறுதலால் தங்களுக்கு என்ன கெடுதி என்பதை மட்டுமல்லாமல், தங்களால் பூமிக்கும் மனிதருக்கும் என்ன கெடுதி என்பதையும் எழுதி, வெளிக் கணக்குத் தணிக்கைக்காரரிடம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். முறையான யோசனைதான். ஆனால் செலவு அதிகம், போட்டியில் பின்தங்கிவிடுவோம் என்று கம்பெனிகள் முறையிட்டன. 2025 பிப்ரவரியில் ஐரோப்பியக் கமிஷனே, நூற்றுக்கு எண்பது கம்பெனிகளை இச்சட்டத்திலிருந்து விலக்கி விடலாம் என்று யோசனை கொண்டு வந்தது. ஏப்ரலில், இன்னும் அறிக்கை கொடுக்க ஆரம்பிக்காத கம்பெனிகளுக்கு இரண்டு வருஷம் தவணையும் கொடுக்கப்பட்டது. சிறு வியாபாரிக்குப் பெரும் படிவம் ஒரு பாரந்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அளவுகோல் கனமாயிருந்தால் லேசானதாகச் செய்து கொள்வதா, அளப்பதையே நிறுத்துவதா?

இது நமக்குச் சம்பந்தமில்லாத வழக்கல்ல. திருப்பூர்ப் பனியன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றது. அதற்குப் போட்ட சாயத்தின் கழிவு நொய்யலாற்றில் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழேயுள்ள குடியானவர்களின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. பட்டறைக்காரருக்கு நஷ்டம், கூலிக்காரருக்கு வேலை போயிற்று, குடியானவருக்கு அதற்கு முன்பே வெள்ளாமை போயிற்று. அந்தப் பனியனைச் சட்டைப் பையில் லாபமாக மாற்றிக் கொண்ட சீமைக் கடையின் கணக்கில் இந்தச் செலவு எந்தப் பக்கத்தில் ஏறிற்று? தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவைச் சேர்த்து விலை கொடுக்க வாங்குகிறவன் சம்மதிக்காவிட்டால், அவன் அறிக்கையில் அச்சடிக்கும் பச்சை இலைப் படத்துக்கு என்ன மதிப்பு?

ஆகையால் தோழர்களே, எந்தக் கம்பெனியாவது பூமியைக் காப்பதாகச் சொன்னால் நீங்கள் கோபிக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அளந்தவன் யார், அவனுக்குக் கூலி கொடுத்தவன் யார் என்று கேளுங்கள். நஷ்டம் வரும் நாளில் ஓட்டு யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். கணக்கில் ஏறாத செலவு எந்த ஊரார் தலையில் விழுகின்றது என்று கேளுங்கள். வெள்ளைக்காரன் கம்பெனியிடம் மட்டும் அல்ல, நம் ஊர் மில்காரரிடமும் தோல் பதனிடும் சாலைக்காரரிடமும் இதையே கேட்க வேண்டும். பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஏனென்றால் அந்தச் செலவை இதுவரையில் கட்டி வந்தவர்கள் நாம்.