மாமா என்றால் யார்?

'மாமா' என்று கூப்பிட்டால் நம் வீட்டில் யார் திரும்பிப் பார்ப்பார்? அம்மாவின் தம்பியோ அண்ணனோ. தெலுங்கிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அதே உறவுதான்.

கடல் தாண்டி கென்யா, தான்சானியா போனால் சுவாஹிலி மொழியில் 'மாமா' என்பவர் அம்மா. பெற்ற தாய் மட்டுமல்ல, சந்தையில் காய் விற்கும் பெண்மணியையும் அங்கே மரியாதையாக 'மாமா' என்பார்கள். ரஷ்யாவிலும் சீனாவிலும் மாமா அம்மாதான்.

ஆனால் ரஷ்யாவுக்குப் பக்கத்திலேயே ஜார்ஜியா இருக்கிறது. அங்கே 'மாமா' என்றால் அப்பா! ஆமாம், அப்பா. அம்மாவுக்கு அவர்கள் சொல் 'தேதா'. அதே 'தேதா' ரஷ்யக் குழந்தைக்குத் தாத்தா. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பிட்ஜன்ஜாரா மொழியிலும் மாமா அப்பாதான்.

ஒரே ஒலி ஏன் இத்தனை ஊரில்? மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் இதை ஆராய்ந்தார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக் கவனியுங்கள். உதட்டை மூடினால் 'ம்'. திறந்தால் 'ஆ'. பால் குடிக்கும்போதே முனகலாக வருவது இந்த 'ம்'. பிள்ளைக்கு அதில் பொருள் கிடையாது. பொருள் கொடுப்பது பெரியவர்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று ஓர் ஊரில் தாய் நினைத்தாள், இன்னோர் ஊரில் தகப்பன் நினைத்தான்.

மருத்துவம் படிக்க ஜார்ஜியா செல்லும் மாணவர்களே, அங்கே தோழியின் வீட்டில் 'மாமா' வருகிறார் என்றால், வருவது அவளுடைய அப்பா. எழுந்து நின்று வணக்கம் சொல்லுங்கள்.