மலையை வயலாக்கிய கைகள்

சீனத்தின் யுன்னான் மாகாணத்தில், செந்நதிக்குத் தெற்கே அய்லாவ் மலை. ஒற்றையடிப் பாதையில் ஏறினால் சரிவெங்கும் படிப்படியாக நெல்வயல்! ஹானி என்னும் சிறுபான்மை இன மக்கள் 1,300 ஆண்டுகளாக உழைத்து ஆக்கியவை.

உச்சியில் காடு, கீழே ஊர், அதற்கும் கீழே வயல், அடிவாரத்தில் ஆறு. காட்டுத் தண்ணீர் வாய்க்கால் வழியே இறங்குகிறது. அது பிரியும் இடத்தில் பள்ளம் வெட்டிய மரக்கட்டை. பள்ளத்தின் அகலமே அவரவர் பங்கு! மடைச் சண்டை கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2013ம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பார்க்க வருவோர் படம் பிடித்துப் போகிறார்கள். வரப்பு தானாக நிற்குமா? ஆண்டுதோறும் சேறு பூசிச் செப்பனிட ஆள் வேண்டும். வாலிபர்களோ கூலி தேடிப் பட்டணம் போகிறார்கள்.

உழைப்பவன் வயிறு நிறைந்தால்தான் வரப்பு நிற்கும், தோழர்களே!