பனியில் பேட்டரி கார் நின்றுவிடுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பனி கொட்டுற ஊர்ல பேட்டரி கார் நடுரோட்டுல நின்னுடாதா சார்?" என்று கேட்பவர்கள் உடனே காட்டும் சாட்சி சிகாகோ. 2024 ஜனவரியில் அங்கே குளிர் மைனஸ் 20 டிகிரியைத் தாண்டியது. சார்ஜிங் நிலையங்களில் கார்கள் வரிசை கட்டி நின்றன. சிலவற்றை இழுத்துக்கொண்டு போனார்கள்.

நடந்தது என்ன? மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கெட்டியாகுமே, அதுபோல லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவமும் குளிரில் மந்தமாகிறது. அந்த நிலையில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படியும். பேட்டரிக்கு அது நிரந்தரச் சேதம். அதனால் காரின் கம்ப்யூட்டரே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். பேட்டரியைச் சூடாக்காமல் வந்த வண்டிக்கு நேரம் பிடிக்கும். வரிசை நீளும். வரிசையில் நிற்பவர் ஹீட்டர் போடுவார், மிச்சமிருக்கும் சார்ஜும் தீரும். இவ்வளவுதான் கதை.

நார்வேயிலும் குளிர் இருக்கிறது. 2024-இல் அங்கே விற்ற புதிய கார்கள் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது மின்சாரக் கார்கள். அங்கே பலருக்கு வீட்டு வாசலிலேயே பிளக் உண்டு. இரவெல்லாம் சார்ஜ் ஏறும், கிளம்பும் முன்பே வண்டியைச் சூடாக்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், சிகாகோவில் குறைபட்டது காரைவிட பிளக் பாயிண்ட்தான்.

இன்னொரு வேடிக்கை. இத்தனை பெரிய பேட்டரி இருந்தும், குளிர்காலத்தில் பல சமயம் காலை வாருவது பழைய 12 வோல்ட் பேட்டரிதான். அது படுத்தால் கம்ப்யூட்டர் விழிக்காது. கம்ப்யூட்டர் விழிக்காவிட்டால் பெரிய பேட்டரியின் இணைப்பும் போடாது. பிரியஸ் போன்ற ஹைப்ரிட் காரிலும் இதே கதைதான். ஆனால் விழித்துவிட்டால் போதும், எஞ்சினைச் சுற்றுவது பெரிய பேட்டரியின் மோட்டார். பிறகு உள்ளே சூடு வேண்டும் என்பதற்காகவே எஞ்சின் அடிக்கடி ஓடும், மைலேஜ் குறையும். மெக்கானிக்கல் நண்பர்கள் சந்தோஷப்படலாம், அவர்கள் எஞ்சின் வீணாக்கும் வெப்பத்துக்கு இங்கேதான் மரியாதை!

சரி, பனியில் மாட்டிக்கொண்டால்? 2022 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா நெடுஞ்சாலையில் பலர் 24 மணி நேரத்துக்கு மேல் சிக்கிக் கிடந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 யூனிட் பேட்டரி பாதி காலி, மீதி 30. நிற்கும் காரின் ஹீட்டருக்கு மணிக்கு 2 யூனிட் என்று வையுங்கள். 15 மணி நேரம் வரும், 24 வராது. ஆனால் சீட்டைச் சூடாக்கும் கம்பிக்கு ஒரு ஆளுக்கு 100 வாட் இருந்தாலே தாராளம். ஹீட்டரை விட்டு விட்டுப் போட்டு, சீட்டில் சூடு வைத்துக்கொண்டால் 24 மணி நேரத்தையும் ஓட்டிவிடலாம். பெட்ரோல் கார்க்காரரோ முதலில் கீழே இறங்கி, சைலன்சர் வாயில் அடைத்த பனியைத் தோண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வந்துவிடும். அதற்கு வாசனையும் கிடையாது.