ஒரு புரதத்தின் இரு முகங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"முப்பது வருஷம் உயிர்வேதியியல் பாடம் எடுத்திருக்கே, எங்களுக்கும் புரியற மாதிரி பத்து நிமிஷம் பேசுடா" என்றார் நம் சங்கச் செயலாளர். விடுதியில் என் அறைத் தோழர்; மறுக்க முடியவில்லை. ஆகவே ஒரே ஒரு புரதத்தைப் பற்றிப் பேசுகிறேன். வகுப்பில் பல தடவை நடத்திய பாடம்தான். ஆனால் அது என் கண்ணுக்குள்ளேயே வேலையைக் காட்டியபோதுதான் எனக்கே சரியாகப் புரிந்தது.

அதன் பெயர் இரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக வி.இ.ஜி.எஃப். ஒரு திசுவுக்குப் பிராணவாயு போதாவிட்டால் அங்குள்ள செல்கள் இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். அது பக்கத்து இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களைத் தூண்டிப் புதுக் கிளை விடச் செய்யும். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் விவசாயி குரல் கொடுப்பதில்லையா, அதே கதைதான். செல்கள் பிராணவாயுக் குறைவை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2019-ல் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இது இல்லாவிட்டால் நாம் பிறந்திருக்கவே மாட்டோம். எலிக் கருவில் இதற்கான இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்றை நீக்கினாலே கரு இறந்துவிடுகிறது என்று 1996-ல் காட்டினார்கள். காயம் ஆறுவதற்கும் இது வேண்டும்.

இனி மறுமுகம். புதிய இரத்தக் குழாய்கள் வராவிட்டால் புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்று பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-ல் எழுதினார். அன்று பலர் நம்பவில்லை. இரத்தக் குழாயைக் கசிய வைக்கும் ஒரு புரதம் கட்டியிலிருந்து சுரப்பதை 1983-ல் செங்கரும் டுவோராக்கும் கண்டார்கள். குழாயை வளர்க்கும் புரதத்தை 1989-ல் ஃபெராரா பிரித்தெடுத்தார். பார்த்தால் இரண்டும் ஒன்றேதான்! இதைப் பிடித்துக் கட்டிப்போடும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, குறைந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகும் ஒரு ஆபத்தான நோய் உண்டு. அதில் நஞ்சுக்கொடி சுரக்கும் இன்னொரு புரதம் நமது வளர்ச்சிக் காரணியைச் சிறைப்பிடிக்கிறது என்று 2003-ல் தெரிய வந்தது. பெவாசிசுமாப் போட்டுக்கொள்ளும் சிலருக்கும் அதே இரண்டு தொல்லைகள் வருகின்றன. ஆக, இந்தப் புரதம் நல்லதா கெட்டதா என்பது கேள்வியே அல்ல. எங்கே, எவ்வளவு என்பதே கேள்வி.

இப்போது என் கதை. எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருஷம். ஒரு நாள் கரும்பலகையில் நான் போட்ட நேர்கோடு எனக்கே வளைந்து தெரிந்தது. கண் மருத்துவர் கேட்டார்: "சார், விழித்திரையைக் கடைசியா எப்போ காட்டுனீங்க?" "வருஷா வருஷம் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறேனே!" என்றேன். "அது கண்ணாடிக்கு சார். உள்ளே யாருமே பார்க்கலையே" என்றார்.

என்ன நடந்திருக்கிறது? சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய குழாய்களைக் கெடுத்து, சிலவற்றை அடைத்துவிட்டது. பிராணவாயுக்காகத் தவித்த செல்கள் வி.இ.ஜி.எஃப். சுரந்தன. அதனால் குழாய்கள் கசிந்து, பார்வையின் மையப் பகுதி வீங்கிவிட்டது. இன்னும் விட்டிருந்தால், அவசரத்தில் வெட்டிய வாய்க்கால் கரை உடைவதுபோல், பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து உடைந்து, கண்ணுக்குள் இரத்தம் கொட்டியிருக்கும். இத்தனையையும் பரீட்சைக்குக் கேள்வியாகக் கொடுத்தவன் நான்!

கண்ணுக்குள்ளேயே ஊசி என்றதும் கை நடுங்கியது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். பயந்த அளவுக்கு வலியில்லை. மாதம் ஒன்றாகச் சில ஊசிகள். கோடு நேராகிவிட்டது. ஆனால் இடது கண்ணால் பத்திரிகையின் சிறு எழுத்தை இன்றும் படிக்க முடியவில்லை. முன்பே போயிருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம்.

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்றோம் என்பதைக் காலையில் எண்ணிக்கொண்டிருந்தேன்! ஆரம்பத்தில் இந்தக் கண் நோய்க்கு வலி கிடையாது, மங்கலும் கிடையாது. சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒரு தடவை, பிறகு வருஷம் ஒரு தடவை, பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைக் காட்டுங்கள். மாணவர்களே, இன்றிரவே வீட்டில் அப்பா அம்மாவிடம் கேளுங்கள்: "கண்ணுக்கு உள்ளே காட்டினீங்களா?" பாடம் தெரிந்திருந்தும் என்னைக் கேட்க ஆளில்லை.